அறுபத்தொரு கைகள்

செயின்ட் மிஷேல், மொன்றியல்
12 பெப்ரவரி 2006

அன்புள்ள அல்பேட்,

உமது நத்தார் மடல் ஜனவரி இருபதாம் திகதிதான் கைக்கு வந்தது. மூச்சிழுப்புக்குப் புது மருந்து எடுப்பதாக எழுதியிருந்தீர். அது சரிவருகிறதா? சிசிலியின் கண் எப்படி? இங்கே என் முழங்கால்களைத் தவிர மற்ற எல்லாம் குளிருக்குப் பழகிவிட்டன. உமது அக்கா போய்ச் சேர்ந்து அடுத்த மாதம் ஐந்து வருடம். மன்னாரிலும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் செய்யும்.

எழுத வேண்டியவை குழம்பிவிடாமல் இலக்கமிட்டுக்கொள்கிறேன்.

1. நான் ஒரு கூட்டத்துக்குக் குறிப்பெழுதப் பிடிபட்டது.
2. அந்தக் கூட்டத்து இளையவர்கள் யார், என்ன கேட்கிறார்கள் என்பது.
3. குறிப்பில் ஒருவருடைய பெயரையும் எழுதுவதில்லை என்ற என் தீர்மானம்.
4. இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் தெரியாது என்பது.

முதலாவது. றோஸ்மேரியின் மகள் றொஷினி இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளுடைய சிநேகிதர் பாதிப்பேர் ஆபிரிக்கப் பிள்ளைகள். மிச்சம் எங்கள் தெருவின் ஹெயிட்டிப் பிள்ளைகள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் மாலி நாட்டின் பாமக்கோ நகரில் ஆபிரிக்க இளையோர் மாநாடு ஒன்று நடக்கப்போகிறது. வெளிநாட்டில் வாழும் ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு. மொன்றியலுக்கு ஓரிடம். ஆளைத் தெரிவுசெய்ய மார்ச் 25ஆம் திகதி கூட்டம். கினிப் பிள்ளை குறிப்பெழுதினால் கொங்கோப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளார்கள். கொங்கோப் பிள்ளை எழுதினால் ஹெயிட்டிப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளார்கள். எங்கள் குசினியில் இருந்து ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். கடைசியில் றொஷினி என்னைக் காட்டிச் சொன்னாள்: "அம்மப்பா எழுதுவார். அவருக்கு ஆரோடையும் கோவமில்லை, ஆரோடையும் கூட்டுமில்லை." எல்லாரும் கைதட்டினார்கள். மறுக்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது. இவர்களுக்குள் முன்னே நிற்பவள் ஐசத்து என்ற கினி நாட்டுப் பெண். இருபத்துமூன்று வயது, நீர்ப்பொறியியல் படிக்கிறாள், சிரித்தால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். ஆபிரிக்கப் பிள்ளை ஒன்று கண்டத்தின் எந்த நாட்டுக்கும் விசா இல்லாமல் போகவேண்டும், அந்த நாட்டுப் பிள்ளை கட்டும் கட்டணத்திலேயே படிக்கவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. எங்கள் நாளில் தலைவர்கள் மேடையில் பேசிய ஒற்றுமையை இவர்கள் கையில் கேட்கிறார்கள். "ஒற்றுமை எண்டால் பஸ் பாஸ் மாதிரி இருக்கவேணும், காட்டினால் ஏத்தவேணும்" என்று ஐசத்து சொன்னதாக றொஷினி தமிழாக்கினாள். சாம்பியாவில் நீரும் நானும் படிப்பித்த காலத்து மாணவர்கள் கேட்டதும் இதுதானா என்று ஒப்பிட்டு எழுத நினைத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவதற்குக் காரணம் உமக்கு விளங்கும்.

நான்காவது. பற்றிக் என்று ஒரு கொங்கோ இளைஞன். மாணவர் சங்கத்தில் இருந்த தமையன் காணாமற்போனபின் இங்கே வந்தவன். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு இல்லை. அப்படிப்பட்டவன் தன் கைத்தொலைபேசி இலக்கத்தைத் தானே கூட்டச் சுவரொட்டியில் அச்சடித்திருக்கிறான். கவனம் தம்பி என்றேன். சிரித்தான்.

என் யோசனைகளில் பிழை இருந்தால் திருத்தும். சிசிலிக்கு எங்கள் எல்லாருடைய அன்பும்.

அம்புறோஸ்


மன்னார்
11 மார்ச் 2006

அன்புள்ள அத்தான்,

கடிதம் பாடக்குறிப்பு மாதிரி இருந்தது. சிசிலிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். "அத்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் இலக்கம் போட்டுத்தான் சொல்லுவாரோ?" என்று கேட்டாள். அவளுடைய வலது கண் தெளிந்துவிட்டது. அதனால் வாயும் கூடிவிட்டது. எனக்கு மூச்சு காலையில் மட்டும் கஷ்டம். அக்காவுக்குப் பூசை ஒழுங்கு செய்துவிட்டேன்.

மூன்றாவதற்குக் காரணம் எனக்கு விளங்கும் என்கிறீர்கள். விளங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பந்தயத்தில் ஓடினவன் பெயரை எழுதாமல் "ஒருவன் முதலாவதாக வந்தான்" என்று எழுதிக் கொடுத்தால் ஆருக்குப் பரிசு கொடுக்கிறது? விளையாட்டு வாத்தியாராக இருந்தவனுக்கு இதற்குமேல் ஆழமாக யோசிக்கத் தெரியாது.

பிள்ளைகள் கேட்பது நல்ல கேள்வி. எங்கள் சாம்பியாப் பொடியளும் முப்பது வருடத்துக்கு முன் கரும்பலகையில் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார்கள். நீங்கள் பாதியில் நிறுத்தியதை நானும் தொடவில்லை.

இங்கே வீதியில் ஆமிச் சோதனை கூடிவிட்டது. தபால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள்.

அல்பேட்


செயின்ட் மிஷேல்
2 ஏப்ரல் 2006

அன்புள்ள அல்பேட்,

உம்மிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சுகமில்லையோ, தபால்தான் தாமதமோ என்று ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். நாங்கள் சுகம்.

கூட்டம் நடந்து முடிந்தது. சமூக மண்டபம் ஒன்றில், பனி உருகிய தண்ணீர் எல்லாருடைய சப்பாத்திலிருந்தும் ஓடி நடுவில் தேங்க, இரண்டே முக்கால் மணித்தியாலம் பேசினார்கள். நான் முன்மேசையில். றொஷினி பக்கத்தில் இருந்து, எனக்கு எட்டாத பிரெஞ்சையெல்லாம் காதுக்குள் தமிழாக்கினாள்.

ஹெயிட்டிப் பிள்ளைகளுக்கு வாக்குண்டா என்பதில்தான் பெரிய சண்டை. செனகல் இளைஞன் ஒருவன் எழும்பி, "நீங்கள் எந்த நாட்டாக்கள்? நாடு இல்லாமல் எப்பிடி வாக்குப் போடுறது?" என்றான். ஹெயிட்டி இளைஞன் ஆறுதலாக எழும்பினான். "எங்களைக் கப்பலிலை ஏத்தினவங்கள் எந்த நாடெண்டு எழுதி வைக்கேல்லை. அதாலை முழுக் கண்டமும் எங்கடை." செனகல்காரன் விடவில்லை: "அப்ப முழுக் கண்டத்துக்கும் வரியைக் கட்டு!" மண்டபமே சிரித்தது; கேட்டவனும் சிரித்தான். ஹெயிட்டிப் பிள்ளைகளுக்கும் வாக்குண்டு என்று முடிவாயிற்று.

ஐசத்து கால்மணித்தியாலம் பேசினாள். "எங்கட பெற்றோர் சுதந்திரம் வாங்கித் தந்தவை. அது முடிஞ்சுது. இனி ஒரு நாட்டுக் கதவை மற்ற நாட்டுப் பிள்ளைக்குத் திறக்கிறது எங்கட வேலை. எங்களுக்கு முப்பத்தைஞ்சு வயசு வரமுந்திச் செய்யாட்டில், பேந்து நாங்களும் பிரதம விருந்தினராய்ப் போயிடுவம்" என்றாள். அவளுக்கு ஆதரவாக உயர்ந்த கைகளை மூன்று தரம் எண்ணினேன். முதலாம் தரம் அறுபத்தொன்று. இரண்டாம் தரம் அறுபது, ஒருவன் தும்மியிருக்கிறான். மூன்றாம் தரம் அறுபத்தொன்று. எதிராக உயர்ந்தவை ஒன்பது. பற்றிக் முதல் வரிசையில் இருந்து இரண்டு கையையும் தூக்க, ஒன்றைக் கீழே விடச் சொன்னேன்.

தீர்மானித்தபடி ஒரு பெயரும் எழுதவில்லை. ஐசத்துவைக்கூட "தெரிவான பிரதிநிதி" என்றே குறித்தேன். நடுவில் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த மனிதர் ஒருவர் வந்து, எத்தனை பேர், பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். எழுதிய தாளைக் கையால் மூடிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், முப்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நான் நிம்மதியாக நித்திரைகொண்டேன்.

சிசிலியின் கண் பற்றி எழுதும்.

அம்புறோஸ்


செயின்ட் மிஷேல்
7 மே 2006

அன்புள்ள அல்பேட்,

உமது மார்ச் மாதக் கடிதம் சென்ற கிழமை வந்தது. இரண்டு பேரும் சுகம் என்பதில் ஆறுதல். பந்தயத்தில் ஓடினவன் பற்றி நீர் எழுதியதைக் கூட்டத்துக்கு முன் வாசித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது. அதற்கிடையில் இங்கே வேறு விதமாக முடிந்துவிட்டது.

நான் எழுதிய குறிப்பைப் பிரெஞ்சில் மாற்றி பாமக்கோவுக்கு அனுப்பினார்கள். மாநாட்டுக் குழுவின் பதில் நான்கு வரி. பெயரில்லாத தெரிவை ஏற்க முடியாது. வாக்களித்தவர்களில் குறைந்தது ஐம்பது பேர் தங்கள் முழுப்பெயரோடு கையொப்பம் வைக்க வேண்டும். குறிப்பெழுதியவர் அதைத் தன் கண்ணால் கண்டதாகச் சான்று சொல்ல வேண்டும். ஜூன் 30க்குள் வராவிட்டால் மொன்றியலின் இடம் பாரிஸ் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

றொஷினி அச்சடித்த தாளை என் மேசையில் வைத்தாள். "பெயர் எழுதாமல் கூட்டக் குறிப்பு ஆராவது எழுதுவினமோ, அம்மப்பா? நாப்பது வருசம் படிப்பிச்சனீங்கள்!"

"பாதுகாப்புக்காக, பிள்ளை."

"ஆருக்குப் பாதுகாப்பு?"

சாம்பல் கோட்டு மனிதரைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையில் கைவைத்தாள். "அது மண்டபக் காவலாளி! தீப்பிடிச்சால் எத்தனை பேரை வெளியேத்தோணும் எண்டு கேட்டவர்!"

ஐசத்துவும் வந்து தேநீர் குடித்தாள். போகும்போது எப்போதும் போல என் கையைப் பிடித்தாள். ஆனால் சிரிக்கவில்லை. அதுதான் என்னை வீட்டுக்குள் இருந்த இடத்தில் இருக்கவிடாமல் பண்ணுகிறது.

இனி நீரும் நானும் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். 1976, சாம்பியா. மாணவரின் ஆபிரிக்க ஒற்றுமைக் கழகத்துக்கு நான் பொறுப்பாசிரியர். கழகக் குறிப்பேட்டுக்கு நானே கோடு கீறினேன்: பெயர், தகப்பன் பெயர், ஊர். அங்கோலாப் போரில் அரசாங்கம் எடுத்த பக்கத்தைக் கண்டித்து அவர்கள் கரும்பலகையில் எழுதிய அன்று, தலைமையாசிரியர் குறிப்பேட்டைக் கேட்டார். ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. தூசி தட்டிக் கொடுத்தேன். என் ஒப்பந்தம் மூன்று மாதத்தில் புதுப்பிக்க இருந்தது. கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். முலெங்கா என்ற மாணவனுடைய பெயர் முதலாவது. அதன்பின் நான்கு நாள் காய்ச்சல் என்று வீட்டில் கிடந்தேன். காய்ச்சல் இருக்கவில்லை. இது உமது அக்காவுக்குக்கூடத் தெரியாது.

இப்போது நிம்மதியாக நித்திரை வருவதில்லை. உங்கள் இருவருக்காகவும் மன்றாடுகிறோம்.

அம்புறோஸ்


மொன்றியல்
14 மே 2006

அன்புள்ள அல்பேட் தாத்தா,

நான் றொஷினி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரியுங்கள், பரவாயில்லை. நீங்களும் சிசிலி அம்மம்மாவும் சுகமா?

அம்மப்பா சாப்பிடுவது குறைவு. நான் கோபமாகக் கதைத்ததால் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது இல்லை. நேற்று ஒரு வெள்ளைத் தாளில் கோடு கீறினார்: பெயர், கையொப்பம். பிறகு கிழித்துக் குப்பையில் போட்டார். பிறகு எடுத்து ஒட்டினார்.

ஐசத்து அவரைக் கோபிக்கவில்லை. ஆனால் அவளுக்கு இது பெரிய விஷயம். எல்லாரும் பெரிய பேச்சுப் பேசுவார்கள், அவள்தான் மூன்று வருடமாக ஒவ்வொரு சங்கத்துக்கும் போய் ஆட்களைச் சேர்த்தாள். நான் ஆபிரிக்கப் பிள்ளை இல்லையே, எனக்கு இதில் என்ன வேலை என்று அம்மா கேட்கிறா. தாத்தா, என் சிநேகிதி ஒரு வாசலில் நின்று தட்டினால் நான் பக்கத்தில் நிற்கவேண்டும்தானே?

சாம்பியாவில் என்ன நடந்தது என்று அம்மப்பா எனக்குச் சொல்கிறார் இல்லை. நீங்கள் அவருக்கு எழுதுங்கள். எனக்கு இல்லை, அவருக்கு.

முத்தங்களுடன்,
றொஷினி


மன்னார்
5 ஜூன் 2006

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதமும் றொஷினியின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவளுடைய தமிழில் பிழை பிடிக்கச் சிசிலி கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தாள், மூன்று பிழைதான். நாங்கள் சுகம் என்றே எழுதுகிறேன். இரவில் வெடிச்சத்தம் கேட்கிறது, பகலில் கடை திறக்கிறது.

உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும். பின்னேரம் கஞ்சி கொண்டுவந்தவன் நான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேனே.

நீங்கள் வராத அந்த நாட்களில் இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஒன்றுகூடலில் தலைமையாசிரியர் உங்கள் குறிப்பேட்டை விரித்து ஆறு பெயரையும் வாசித்தார். ஆறு பேரும் முன்னே போனார்கள். அவர் புத்தகத்தை மூட, பின்வரிசையிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்: "சேர், என்ரை பெயரை விட்டிட்டியள்." அவன் கூட்டம் நடந்த அன்று என்னோடு கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தவன், கூட்டத்துக்கு வரவேயில்லை. பிறகு இன்னொருவன். மத்தியானத்துக்குள் காரியாலய வாசலில் முப்பத்திரண்டு பேர் வரிசை. நீங்கள் கீறின கோட்டின் ஒழுங்கிலேயே சொன்னார்கள்: பெயர், தகப்பன் பெயர், ஊர். எழுதி எழுதிக் களைத்த தலைமையாசிரியர் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

முப்பத்தெட்டுப் பேரை விலக்கினால் பள்ளிக்கூடம் இல்லை. ஆறு பேரை ஒரு தவணைக்கு நிறுத்தினார்கள். ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். முலெங்கா வரவில்லை, சிறிய தகப்பன் செப்புச் சுரங்க வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கு நீங்கள்தான் காரணம். அதை மாற்றி எழுத என்னால் முடியாது. மூன்று வருடம் கழித்து அவனை பஸ் நிலையத்தில் கண்டேன். "மிஸ்டர் அம்புறோசுக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா?" என்று கேட்டான். கேலியா, உண்மையாகவே கேட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை? அன்று அந்த வரிசைக்குப் பக்கத்தில் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றவன் நான். ஒழுங்காக நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பெயர் கொடுத்தது பிழை. அதிலிருந்து, பெயரே எழுதக்கூடாது என்று நீங்கள் படித்தீர்களே, அது வேறு பிழை. போய் ஐம்பது கையொப்பத்தையும் எடுங்கள்.

றோஸ்மேரிக்கும் பிள்ளைக்கும் அன்பு.

அல்பேட்


செயின்ட் மிஷேல்
18 ஜூன் 2006

அன்புள்ள அல்பேட்,

உமது பதில் இன்னும் வரவில்லை. செய்தியில் உங்கள் பக்கம் பற்றிக் கேட்கிற ஒவ்வொரு முறையும் தொலைபேசியை எடுக்கிறேன்; தொடர்பு கிடைப்பதில்லை. சுகம் என்று ஒரு வரி போடும்.

நான் அலைகிறேன். வேறு சொல் இல்லை. கையொப்பத்தை என் கண்ணால் காணவேண்டும் என்பதால் நானும் போகாமல் முடியாது. விடுமுறைக்குப் பத்துப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சப்பேரும் ஒரு இடத்தில் இல்லை. இந்த மாகாணத்தில் அநேகமாக எல்லா வீட்டு ஒப்பந்தமும் ஜூன் முப்பதோடு முடிந்து, ஜூலை முதலாம் திகதி ஊரே கட்டிலும் மெத்தையுமாக வீடு மாறும். சென்ற கிழமை இருந்த பிள்ளை இந்தக் கிழமை அங்கே இல்லை.

ரொக்ஸ்பரோவுக்கு ரயிலில் போனோம். அங்கே ஒரு பெண் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மடியில் ஒன்று, காலில் ஒன்று. கையில் கிடந்த நிறப்பென்சிலால் எழுதப் போனாள், நான் மறித்துப் பேனா கொடுத்தேன். கர்க்லாண்டில் ஒருவன் பெரிய வீடொன்றின் வேலிக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். தாளில் அவனுடைய பெருவிரலும் பதிந்துவிட்டது. எங்கள் தெருவில் தலைபின்னும் கடையில் டோகோ நாட்டுப் பெண் ஒருத்தி, "இந்தப் பின்னல் முடியட்டும்" என்றாள். முடிய முக்கால் மணித்தியாலம். ஆறு பெண்களுக்கு நடுவில் சஞ்சிகையைத் தலைகீழாகப் பிடித்தபடி இருந்தேன்.

"ஏன் பிள்ளை கை தூக்கினனி?" என்று கேட்டுப் பார்த்தேன். றொஷினி மொழிபெயர்த்தாள். "என்ரை தம்பி லோமேயிலையிருந்து நைரோபிக்குப் படிக்கப் போனவன். பாரிசுக்குப் போய்த்தான் பிளேன் மாறினவன். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுத்திறதோ?" கடை முழுவதும் அவளோடு சேர்ந்துகொண்டது.

இதுவரை முப்பத்தேழு. இன்னும் பன்னிரண்டு நாள். முழங்கால் வீங்கிவிட்டது, றோஸ்மேரி ஏசுகிறாள்.

உமது மூச்சைக் கவனித்துக்கொள்ளும்.

அம்புறோஸ்


செயின்ட் மிஷேல்
1 ஜூலை 2006

அன்புள்ள அல்பேட்,

உமது ஜூன் ஐந்தாம் திகதிக் கடிதம் புதன்கிழமை வந்தது. உயிரோடு இருக்கிறீர்கள் என்பதே முதல் சந்தோஷம். மற்றதை மூன்று தரம் படித்தேன். முலெங்கா கேட்ட கேள்வி காதிலேயே நிற்கிறது.

வியாழக்கிழமை நாற்பத்தொன்பது. நேற்றுப் பின்னேரம் ஐம்பது. றொஷினி உடனே தொலைநகலில் அனுப்பினாள். இன்று ஊர் முழுவதும் வீடு மாறுகிறது. எங்கள் வாசலில் யாரோ விட்டுப்போன சோபா ஒன்று மழையில் நனைகிறது.

முடிவு வந்ததும் அறிவிப்பேன். சிசிலிக்கு அன்பு.

அம்புறோஸ்


மன்னார்
6 ஆகஸ்ட் 2006

அன்புள்ள அத்தான்,

கொழும்புக்குப் போகிற கன்னியாஸ்திரி ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே தபால் கந்தோர் திறந்திருக்கிறது, தபால்தான் இல்லை. சிசிலி சுகம். எனக்கு மருந்து பத்து நாளைக்குக் கிடக்கிறது. பயப்பட வேண்டாம், மன்னாரில் மூச்சு விடுகிறவன் நான் மட்டுமில்லை.

தும்மினவனைக்கூட எழுதுகிற மனிதர் நீங்கள். முப்பத்தேழு பேருக்கு ஒரு பக்கம் எழுதினீர்கள். நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு இரவும் ஒரு பகலும் இருக்கிறது, அதற்கு ஒரு வரியும் இல்லை.

ஐம்பதாவது ஆள் ஆர்?

அல்பேட்


செயின்ட் மிஷேல்
10 செப்ரெம்பர் 2006

அன்புள்ள அல்பேட்,

உமது கடிதம் கொழும்பு முத்திரையோடு வந்தது. அந்தச் சகோதரிக்கு எங்கள் நன்றி. மருந்துக்கு றோஸ்மேரி இங்கிருந்து வழி பார்க்கிறாள். கொழும்பில் யாரிடம் கொடுக்கலாம் என்று எழுதும். நாங்கள் சுகம்.

முதலில் ஐசத்து. பாமக்கோ ஐம்பது பெயரையும் ஏற்றுக்கொண்டது. மாலிக்கு அவளுக்கு விசா வேண்டியதில்லை; மேற்காபிரிக்க நாடுகளுக்குள் அந்த வசதி இருக்கிறதாம். அதைக் கண்டம் முழுவதற்கும் கேட்கத்தானே போனாள். மாணவர் கட்டணம் பற்றிய அவர்களுடைய கோரிக்கை ஏதோ ஒரு உபகுழுவுக்குப் போய்விட்டது. எல்லை பற்றியது மட்டும், ஒரே ஒரு வசனமாக, இறுதித் தீர்மானத்தில் ஏறியது. "ஒரு வசனத்துக்கு இவ்வளவு பாடோ?" என்று றோஸ்மேரி கேட்டாள். ஐசத்து சிரித்தாள், கீழ்வீட்டார் தட்டினார்கள். அடுத்த வசனத்துக்கு இப்போதே வேலை தொடங்கிவிட்டார்கள்.

இனி ஐம்பதாவது ஆள்.

நாற்பத்தொன்பதோடு நின்றபோது றொஷினி கேட்டாள்: "வேற ஆரும் ஞாபகம் வருதோ, அம்மப்பா?" இல்லை என்றேன். அது பொய். பற்றிக் முதல் வரிசையில் இருந்தவன். இரண்டு கையையும் தூக்கியவன். தொடக்கத்திலிருந்தே அவனை விட்டுவிட்டுத்தான் அலைந்தேன். அவன் வேலைக்காக ஊருக்கு வெளியே போய்விட்டதாகப் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்தேன். அவனுடைய தமையனை நினைத்தேன். முடிவு வராத அவனுடைய விண்ணப்பத்தை நினைத்தேன். ஐசத்துவின் இடம் போனாலும் போகட்டும், இவனுடைய பெயர் என் தாளில் வேண்டாம் என்று நானே முடிவெடுத்துவிட்டேன். உமது கடிதம் அதற்கு முதல் நாள்தான் வந்திருந்தது. படித்தும் அப்படிச் செய்தேன்.

முப்பதாம் திகதி நாலு மணிக்கு அவனே வந்தான். அந்தக் கிழமை வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் வேலை. தோளில் கயிறு, சேட்டு முழுக்க வியர்வை. உள்ளே வரவில்லை, கதவடியில் நின்றான். தெரிந்த ஆங்கிலத்தில் மெல்ல மெல்லக் கேட்டான்.

"ஐயா, எல்லாரிட்டையும் போனீங்களாம். என்னட்டை வரேல்லை."

"உமக்கு வேண்டாம், தம்பி. உம்மட கேஸ் இருக்கு."

"அண்டைக்கு என்னை மூண்டு தரம் எண்ணினீங்கள். எண்ணேக்கை நான் ஆள், எழுதேக்கை நான் ஆளில்லையோ?"

றொஷினி குசினி வாசலில் வந்து நின்றாள். நான் சொன்ன பொய் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"யோசியும்" என்றேன். "உம்மட அண்ணை..."

"அண்ணையின்ரை பெயரையும் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை ஐயா. அதாலை, அப்பிடி ஒரு ஆள் இருக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டினம்."

கை கழுவ இடம் கேட்டான். கழுவித் துடைத்துவிட்டு வந்து மேசையடியில் உட்கார்ந்தான். முழுப்பெயரும் எழுதினான். கேட்காமலே தகப்பன் பெயரும், ஊரும். கையொப்பத்துக்கு வந்தபோது பேனா தாளில் நிற்கவில்லை. வலது கை அப்படி நடுங்கியது. இடது கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான். அப்போதும் எழுத்து கோட்டைத் தாண்டி இறங்கி, கீழே நான் சான்றெழுத விட்டிருந்த இடத்துக்குள் வந்துவிட்டது. நெற்றியிலிருந்து வேர்வை தாளில் விழப் பார்க்க, றொஷினி தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். முடித்ததும் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, கீழே லொறி ஹோர்ன் அடிக்க எழும்பிப் போனான்.

சான்றுக்கு ஒதுக்கிய இடத்தில் மிச்சம் கொஞ்சம்தான். அதற்குள் என் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் எழுதினேன்.

அவனுடைய விசாரணை ஒக்ரோபரில். இந்தக் கையொப்பம் அங்கே அவனுக்கு நன்மையாகுமா, தீமையாகுமா, தெரியாது. நானும் கூடப் போகிறேன். விசாரணை அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். காய்ச்சல் வந்தாலும் போவேன்.

உங்கள் இருவரையும் தேவதாய் காக்கட்டும். கையில் மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று மறைக்காமல் எழுதும்.

பெப்ரவரிக் கடிதத்தில், பெயர் எழுதுவதில்லை என்ற மூன்றாவதை நீர் ஏற்கெனவே வெட்டிவிட்டீர். நான்காவதாக, இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் தெரியாது என்று எழுதியிருந்தேன். அது பிழை.

அம்புறோஸ்